கூட்டாளியின் பொறுப்பு

வரிப்பத்தான்சேனையில் ஒருவர் மௌத்தானால் அடுத்து நடப்பவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வரும். இறந்தவர் இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மாமனார், இன்னாரின் சகோதரர் என்று உறவுகள் வரிசையாகச் சொல்லப்படும். மையத்தைக் குளிப்பாட்டுவதிலும், தொழுகையை முன்நின்று நடத்துவதிலும், கபுறுக்குள் இறங்கி உடலை வாங்கி வைப்பதிலும் நெருங்கிய உறவுக்கே முதலுரிமை. மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். மற்றவர்களின் துக்கத்துக்கு மூன்று நாள் என்று மார்க்கம் எல்லை வைத்திருக்கிறது. விட்டுப்போன சொத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதும் கணக்காகிவிடும். இந்தப் பட்டியல் முழுவதையும் தேடினாலும் ஒருவரைக் காணமுடியாது. ஓதப் போன காலம் முதல் கூடவே திரிந்து, ஒரே வட்டையில் வெள்ளாமை செய்து, ஒரே வாடியில் காவல் கிடந்து, தலை நரைத்த பிறகும் மஃரிபுக்குப் பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கூட்டாளி அவர். ‘இன்னாரின் கூட்டாளி’ என்று எந்த அறிவித்தலும் சொல்வதில்லை.

அவருக்கு மரியாதை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சந்தூக்கைத் தோளில் ஏற்றும்போது முன்கால் பிடிக்க அவருக்கு வழி விடுவார்கள். ஆனால் சடங்கு அவருக்கென்று தனியாக எதையும் ஒதுக்கவில்லை. சடங்கில் இடமில்லாத அந்த மனிதர் தன் துயரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று தேடினால், அம்பாறைக் கரையின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு வழக்கம் கண்ணில் படுகிறது. உறவினர் இறந்தவரை அடக்கித் துக்கத்தை முடித்துக்கொள்கிறார்கள். கூட்டாளி, இறந்தவர் பாதியில் விட்டுப்போனதைப் பொறுப்பெடுக்கிறார். அது கடனாக இருக்கலாம், கரைசேராத பிள்ளையாக இருக்கலாம், அச்சேறாத கையெழுத்துப் படியாகவும் இருக்கலாம். இந்தக் கரையில் நட்பின் நினைவு பெரும்பாலும் வேலையின் வடிவத்தில்தான் நிலைத்திருக்கிறது. சடங்கு காலியாக விட்ட இடமே அந்த வேலைக்கு இடம் கொடுத்தது என்பது என் வாதம்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். சேனை என்பது காடு வெட்டி, எரித்து, மழையை நம்பிப் பயிரிட்ட நிலம். அட்டாளைச்சேனை, வாழைச்சேனை, வரிப்பத்தான்சேனை என்று கிழக்கில் இந்தச் சொல் பல ஊர்ப் பெயர்களில் உறைந்து கிடக்கிறது. சேனைப் பயிர் ஒரு குடும்பத்தின் கையால் மட்டும் ஆகக்கூடியதன்று. காடு வெட்ட ஆள் வேண்டும், எரிக்கும்போது தீ தாண்டாமல் காக்க ஆள் வேண்டும், கதிர் முற்றும் நாட்களில் யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாகக் காவல் கிடக்க ஆள் வேண்டும். இறக்காமக் குளத்தை அண்டிய நெல்வயல்களிலும் கதை அதுதான். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் கிழக்கு நோக்கி இறங்கிய பிறகு நீர்ப்பாசன வயல் பெருகியது. ஆனாலும் எந்திரங்கள் வந்து சேரும்வரை வெட்டும் சூடடிப்பும் கூட்டு வேலையாகவே இருந்தன. வெட்டிய கதிரைச் சூடாக வைத்து, களவெட்டியில் எருமைகளை வளைய விட்டு மிதிக்க வைக்கும் இரவு ஒரு ஆளின் இரவாக இருந்ததில்லை. நண்பனைக் குறிக்க இப்பகுதி மக்கள் ‘கூட்டாளி’ என்று சொல்வதன் வேர் இந்த மண்ணில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் கூட்டு இருக்கிறது, அதாவது சேர்ந்து செய்த வேலை இருக்கிறது. கூட்டாளி என்பவன் முதலில் பாரத்தின் மறுமுனையைப் பிடித்தவன்.

இரண்டாவது காரணம் குடும்ப அமைப்பில் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றி வந்தவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதனால் ஆண்பிள்ளைகளுக்கு நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். ஒரு வயிற்றில் பிறந்த சகோதரர்கள் கல்யாணத்தோடு வெவ்வேறு தெருக்களுக்கும் வெவ்வேறு ஊர்களுக்கும் பிரிந்தார்கள். அக்கா தங்கைகள் பக்கத்துப் பக்கத்து வளவில் வாழ, அண்ணன் தம்பிகள் அவரவர் மாமியார் வீட்டில் வாழ்ந்தார்கள். ஆணுக்கு நாள்தோறும் கூட இருந்தவன் வயலில் பக்கத்து வரம்புக்காரனும் பள்ளியில் பக்கத்து ஸஃபில் நின்றவனுமாகிய கூட்டாளிதான். உறவின் கணக்கில் வராத அவன் வாழ்க்கையின் கணக்கில் பெரும்பங்கு பிடித்தான். கணக்குகள் இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வழக்கம் ஒன்று பிறப்பது இயல்பு.

அந்த வழக்கத்துக்கு மார்க்கத்திலேயே முன்மாதிரி இருந்தது. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா நபிகளாரிடம் கொண்டுவரப்பட்ட சம்பவத்தை புகாரி தொகுப்பு சொல்கிறது. கடனை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும், நபிகளார் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அப்போது அபூகதாதா என்ற தோழர் அந்தக் கடன் தம் பொறுப்பு என்று முன்வந்தார். பிறகு தொழுகை நடந்தது. அபூகதாதாவை இறந்தவரின் வாரிசாக அந்தச் செய்தி காட்டவில்லை. தோழமை என்ற ஒன்றை வைத்துக்கொண்டே அவர் அந்தப் பாரத்தைத் தூக்கினார். கதீஜா நாயகி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், ஆடு அறுத்தால் அவர்களின் தோழியர் வீடுகளுக்கு இறைச்சி அனுப்புவது நபிகளாரின் வழக்கமாக இருந்தது. தகப்பனின் கூட்டாளிகளோடு உறவைப் பேணுவது தகப்பனுக்குச் செய்யும் பெரும் நன்மை என்றும் ஹதீஸ் சொல்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று துலங்கும். சட்டம் வாரிசுரிமையில் நண்பனுக்குப் பங்கு வைக்கவில்லை. ஆனால் நண்பன் தானாக ஏற்கும் பொறுப்பை மார்க்கம் உயர்வாக மதித்தது. இன்றும் இந்தக் கரையில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் ‘மர்ஹூமிடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் குடும்பத்தாரோடு பேசிக்கொள்ளுங்கள்’ என்று அறிவிக்கும் வழக்கம் இருக்கிறது. அபூகதாதாவின் நிழல் அந்த அறிவிப்பின் மேல் விழுந்து கிடக்கிறது.

தமிழின் பழைய நினைவும் இதையே சொல்கிறது. தலைவனை இழந்தவர் பாடும் கையறுநிலையைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே வகுத்தது. புறநானூற்றில் பாரி மாய்ந்த பின் கபிலர் பாடிய பாடல்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் கபிலர் பாடியதோடு நிற்கவில்லை. பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், அவர்களை மணந்துகொள்ளுமாறு கேட்டார். இருவரும் மறுத்தார்கள். கேட்டு மறுக்கப்பட்ட அவமானத்தையும் அவர்தான் சுமந்தார். பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் உயிர்நீத்ததைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு நினைவுகூர்கிறது. நண்பனின் பிள்ளைகளைக் கரைசேர்க்கும்வரை சாவதற்குக்கூட அவருக்கு ஓய்வில்லை என்று பின்வந்த தலைமுறைகள் நம்பின. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவனை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் வருவார் என்று சோழன் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்தான். கபிலருக்கும் பாரிக்கும் இருந்தது புலவன் - புரவலன் உறவுதானே என்று கேட்பவர்களுக்குப் பிசிராந்தையாரே பதில். சோழனிடம் அவர் பெறவேண்டிய பரிசில் எதுவும் இருக்கவில்லை. பிற்காலத்தில் கீழக்கரை வள்ளல் சீதக்காதி மறைந்தபோது, சைவரான படிக்காசுப் புலவர் அவர்மேல் இரங்கற்பா பாடினார் என்பது தமிழ் மரபில் நிலைத்த செய்தி. இறந்தவரின் சமயம் வேறு, பாடியவரின் சமயம் வேறு என்பது அந்தப் பாட்டுக்குத் தடையாகவில்லை.

இந்தக் கடைசிச் செய்திதான் அம்பாறைக் கரைக்கு மிக நெருக்கமானது. வடக்கிலிருந்து தெற்கே கடற்கரைத் தெருவைப் பிடித்து வந்தால் பெரியநீலாவணை தமிழர் ஊர், மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழர் ஊர். கல்முனையைக் கடந்தால் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள். பிறகு காரைதீவு தமிழர் ஊர், நிந்தவூர் முஸ்லிம் ஊர். வேலிக்கு வேலி மாறும் இந்த வரிசையில் ஒரு மனிதரின் உயிர்க் கூட்டாளி மற்ற சமூகத்தவராக இருப்பது அதிசயமில்லை. அப்படி ஒரு கூட்டாளி இறந்தால் மற்றவர் எங்கே நிற்பார்? முஸ்லிம் நண்பரின் ஜனாஸாத் தொழுகையில் தமிழர் ஸஃபில் நிற்க முடியாது. தமிழ் நண்பரின் அந்தியேட்டியில் முஸ்லிம் பிண்டம் வைக்க முடியாது. ஒரே ஊரில், ஒரே சமயத்தில் வாழ்ந்த கூட்டாளிக்குச் சடங்கில் கடைசி இடமாவது கிடைக்கும். வேற்றுச் சமயக் கூட்டாளிக்கு அதுவும் இல்லை. அவருக்கு எஞ்சியது வேலை ஒன்றுதான். அதனால்தான் இந்த வழக்கத்தின் மிகத் தெளிவான சான்றுகள் சமய எல்லையையோ ஊர் எல்லையையோ தாண்டிய நட்புகளில் கிடைக்கின்றன.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இந்த வரிசையில் முதல்வர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 முதல் பணியாற்றியவர். பின்னர் இமயத்தின் மாயாவதி ஆசிரமத்தில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராக இருந்தார். கந்தசாமி என்ற தமிழன்பரின் பிரிவு அவரை எழுத வைத்த இரங்கல் கவிதைக்கு ‘கங்கையில் விடுத்த ஓலை’ என்று பெயர் வைத்தார். உலகப் பற்றைத் துறந்த ஒரு துறவி, நண்பனின் பிரிவுக்கு இப்படி இளகலாமா என்று கேட்கத் தோன்றும். அவர் துறந்தது குடும்பத்தை, சொத்தை. அவற்றுக்கு உரிய சடங்கையும் சேர்த்தே துறந்தார். நட்பைத் துறக்கச் சொல்லி எந்தக் காவி உடையும் கேட்பதில்லை. அந்தத் தலைப்பையும் கவனிக்க வேண்டும். ஓலை என்பது கடிதம். ஒருவருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற பொறுப்போடு எழுதப்படுவது. அழுது தீர்ப்பதற்கும் ஓலை விடுப்பதற்கும் இடையே உள்ள தூரம்தான், துக்கத்துக்கும் பொறுப்புக்கும் இடையே உள்ள தூரம். கந்தசாமி என்ற பெயர் இன்றைய தமிழ் வாசகரின் காதில் விழுவதற்குக் காரணம் அந்த ஓலைதான்.

போர்க்கால உணவு நெருக்கடியில், 1942இல், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்தவர். கல்முனையில் நெல்லுற்பத்தியைக் கூட்ட வந்த அவரை முஸ்லிம்களின் கல்வி நிலை அதைவிட அதிகமாக உலுக்கியது. விபுலாநந்தரோடும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவர் கொண்ட பழக்கம் அந்த உலுக்கலுக்கு ஒரு திசை கொடுத்தது. அங்கே ஒரு கல்விச் சங்கத்தை அமைத்தார். பின்பு 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். விபுலாநந்தர் 1947 ஜூலை 19 அன்று மறைந்தார், ‘யாழ் நூல்’ அரங்கேறி ஏறக்குறைய ஆறு வாரங்களில். அடுத்த ஆண்டே அஸீஸ் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகிப் பல ஆண்டுகள் அதை நடத்தினார். பள்ளிக்கூடங்களைக் கட்டுவதில் வாழ்வைச் செலவழித்த ஒரு துறவிக்கு, இன்னொரு சமூகத்தின் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஒரு நண்பர் காட்டிய மரியாதையாக அதைப் படிப்பதில் தவறில்லை.

ஆனால் இந்த வழக்கம் மிகக் கூர்மையாகத் தெரிவது கவிஞர் நீலாவணனின் மறைவுக்குப் பிறகுதான். கே. சின்னத்துரை என்ற இயற்பெயருடைய அவர் பெரியநீலாவணைக்காரர், ஆசிரியர். கல்முனை எழுத்தாளர் சங்கத்தின் உயிராக இருந்தவர், ‘பாடும் மீன்’ இதழை நடத்தியவர். 1975 ஜனவரியில், 43 வயதில், அவர் மறைந்தார். கவிதைத் தொகுதி ‘வழி’ 1976இல் வெளிவந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்த பெருங்காவியம் ‘வேளாண்மை’. நெல்லை மையமாக வைத்து, மட்டக்களப்பு மண்ணின் வாழ்க்கையை அதன் பேச்சோடும் சடங்குகளோடும் சொல்ல முனைந்தது. அது முற்றுப்பெறவில்லை. எழுதி வைத்த பகுதிகளுக்குக் குடலை, கதிர் என்று பெயர். வரிப்பத்தான்சேனை விவசாயிக்கு இந்தச் சொற்களை விளக்க வேண்டியதில்லை. பயிரின் வயிற்றுக்குள் கதிர் பொதிந்து நிற்கும் பருவம் குடலை. அது வெளியே தலைகாட்டினால் கதிர். அதற்கு மேல் வெட்டு, சூடு, பொலி என்று போகவேண்டிய காவியம் கதிரோடு நின்றுவிட்டது. அந்தக் கையெழுத்துப் படியை எடுத்து 1982இல் நூலாக்கியவர் மூதூர் எழுத்தாளர் வ.அ. இராசரத்தினம். ‘தோணி’ சிறுகதைத் தொகுதிக்காக அறியப்பட்ட அவருக்கு, தன் எழுத்தைப் பார்க்கவே வேலை நிறைய இருந்தது. மூதூருக்கும் பெரியநீலாவணைக்கும் இடையில் அந்தக் காலத்துப் பாதையில் ஆறும் களப்பும் துறைகளும் கிடந்தன. ஏழு ஆண்டு கழித்தும் ஒரு நண்பரின் முடியாத காவியம் இன்னொருவரின் பொறுப்பாக இருந்தது என்பதே இங்கே முக்கியம். பக்கத்து வரம்புக்காரன் படுத்துவிட்டால் அவன் வயலின் கதிரையும் சேர்த்து வெட்டிக் கொடுக்கும் நெறிக்கும் இதற்கும் எந்த வேற்றுமையும் இல்லை.

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் இந்த நெறியை இன்னும் நெடுங்காலம் நடத்திக் காட்டினார். ‘மஹாகவி’ என்ற புனைபெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர். நுஃமானைவிட 17 வயது மூத்தவர். 1971 ஜூன் 20 அன்று, 44 வயதில் அவர் மறைந்தார். பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்த அவருடைய எழுத்தில் பெரும்பகுதி அப்போது நூலாகியிருக்கவில்லை. வாசகர் சங்கம் என்ற சிறிய வெளியீட்டு முயற்சி கல்முனையிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. ‘மஹாகவியின் ஆறு காவியங்கள்’, ‘மஹாகவியின் மூன்று நாடகங்கள்’ ஆகிய இரண்டையும் நுஃமான் பதிப்பித்தது 2000இல். கணக்குப் பார்த்தால் இறந்து 29 ஆண்டுகள். துக்கம் மூன்று நாள் என்ற எல்லையை நட்பு எப்படி மீறாமல் மீறியது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. மஹாகவியை முருகையன், நீலாவணனோடு சேர்த்து ஈழத்து நவீன கவிதையின் தூணாக இன்று நாம் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்குப் பாடம் கிடைத்தது ஒரு கூட்டாளியின் மேசையில்.

இதற்கு எதிராக மூன்று கேள்விகள் எழும். முதலாவது, இதெல்லாம் எழுத்தாளர் உலகத்து வழக்கம்தானே, கபுறு வெட்டும் ஏழை விவசாயிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது. உண்மையில் தொடர்பு மறுபுறமாக ஓடுகிறது. எழுத்தாளர்கள் ஊரில் ஏற்கனவே இருந்த நெறியைத் தங்கள் தொழிலுக்குள் எடுத்துக்கொண்டார்கள். மையவாடியில் கபுறு வெட்டுவோர் நெடுங்காலம் கூலிக்காரராக இருக்கவில்லை, ஊராரும் கூட்டாளிகளுமாகவே இருந்தார்கள். மேற்கே கிப்லாவை நோக்கி வலப்பக்கமாக உடலைச் சாய்த்து, மேலே பலகை அடுக்கி, ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போட்டு, தலைமாட்டில் மீசான் கட்டை நடும்போது முடிவது உறவினரின் கடமை. அடுத்த போகத்தில் இறந்தவரின் வயலுக்கு விதைநெல் யார் தருவது, மாட்டை யார் பார்ப்பது, மகளின் கல்யாணப் பேச்சில் தகப்பன் இடத்தில் யார் குந்துவது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. இவற்றுக்கு ஆவணம் எழுதப்படுவதில்லை. நூல் அச்சேறும்போது ஆண்டும் பெயரும் பதிவாகின்றன, அவ்வளவே வேற்றுமை. எழுதப்பட்ட சான்று கொஞ்சம் இருப்பதால் வழக்கமும் கொஞ்சம் என்று முடிவுகட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது கேள்வி மார்க்கத்தின் பக்கமிருந்து வருவது. இறந்தவரை நினைத்துப் பாட்டெழுதுவதும், நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுப்பதும் தேவையற்ற புதுமைகள் என்று சொல்வோர் இக்கரையில் பெருகியிருக்கிறார்கள். கத்தம் பற்றிய விவாதத்தில் இருதரப்புக்கும் ஆலிம்கள் இருக்கிறார்கள், அதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. மார்க்கம் கண்டித்தது மாரடித்துப் புலம்புவதை. அபூகதாதா செய்தது புலம்பல் இல்லை. இறைச்சி அனுப்புவது புலம்பல் இல்லை. கையெழுத்துப் படியைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்பதும் அப்படியே. உண்மையில் இந்த வாதம் என் முடிவுக்குத் துணையாகவே வருகிறது. வாய்விட்டு அழும் வழிக்கு எல்லை வைத்த ஒரு சமூகத்தில் துயரம் கைகளுக்கு இறங்கியது. மரித்தவரின் நன்மைகளைப் பேசுங்கள் என்ற அறிவுரையை ஏற்பவர், அந்த நன்மைகள் தொடர்ந்து நடக்க வழி செய்யும் கூட்டாளியைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது கேள்வி கனமானது. இப்படி எல்லை தாண்டிய நட்பு இருந்த கரையில் அத்தனை இரத்தம் எப்படிச் சிந்தியது? 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழரின் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரு பக்கத்திலும் வயலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நட்பு அந்த வன்முறையைத் தடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் வன்முறையால் அந்தப் பொறுப்பை முறிக்கவும் முடியவில்லை. கல்முனைக்குடி முஸ்லிம் ஒருவர் அளவெட்டித் தமிழர் ஒருவரின் காவியங்களையும் நாடகங்களையும் திருத்தமாகப் பதிப்பித்த ஆண்டு 2000. அது 1985க்கும் 1990க்கும் பின்னால் வந்த ஆண்டு, போர் முடிவதற்கு முன் வந்த ஆண்டு. சமூகங்கள் ஒன்றையொன்று இழந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு கூட்டாளி மட்டும் தான் ஏற்றதைக் கீழே வைக்கவில்லை. வழக்கத்தின் வலிமையை அது வாழ்ந்த நல்ல காலத்தைக் கொண்டு அளப்பதைவிட, அது தாங்கிய கெட்ட காலத்தைக் கொண்டு அளப்பதே சரி.

கூட்டாளிக்குச் சடங்கில் இடமில்லை என்றேன். ஆனால் சடங்கே பறிக்கப்பட்ட இரண்டு சந்தர்ப்பங்கள் இக்கரைக்கு வந்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இலங்கையில் மிக அதிக உயிர்களை எடுத்தது அம்பாறை மாவட்டத்தில். 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் குடும்பம் குடும்பமாகப் போயினர். மையத்தை அடையாளம் காட்ட உறவினர் எவரும் எஞ்சாத இடங்களில், முகம் தெரிந்த கூட்டாளியே பெயர் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தது கொரோனாக் காலம். 2020 மார்ச் இறுதியிலிருந்து கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. நாடெங்கும் மக்கள் வேலிகளில் வெள்ளைத் துணி கட்டித் தங்கள் வேதனையைச் சொன்னார்கள். 2021 மார்ச் மாதம் ஓட்டமாவடியில் மட்டும் அடக்க அனுமதி கிடைத்தது. ஓராண்டில் அங்கே 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். மிகச் சில உறவினருக்கே அருகில் நிற்க அனுமதி. கூட்டாளி வீட்டில் இருந்தார். சந்தூக்கின் முன்கால்கூட அவருக்கு மிஞ்சவில்லை. 2024 ஜூலையில் அரசு அந்தக் கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கேட்டது. சடங்கின் ஓரத்தில் நிற்க அனுமதிக்கப்படுவதுகூட ஒரு நண்பனுக்கு எவ்வளவு பெரியது என்பதை இழந்த பிறகே பலர் அறிந்தார்கள்.

மரத்தால் ஆன மீசான் கட்டை சில மாரிகளில் உக்கிப் போகும். பெயர் எழுதாத கட்டையாக இருந்தால் கபுறு யாருடையது என்பதும் ஒரு தலைமுறையோடு மறையும். நட்பின் நினைவு அந்தக் கட்டையை நம்பி இருக்கவில்லை. கந்தசாமியை ஓர் ஓலை காப்பாற்றியது, நீலாவணனின் கதிரை மூதூர்க்காரர் ஒருவர் வெட்டிக் களவெட்டிக்குக் கொண்டுவந்தார், மஹாகவியைக் கல்முனைக்குடிக்காரர் ஒருவர் 29 ஆண்டுகள் சுமந்தார். இறக்காமத்திலும் வரிப்பத்தான்சேனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் இன்று கூட்டாளியை இழந்து நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அவருடைய கொப்பிகளும் கடிதங்களும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அவர் கடன் வைத்திருந்தால் விசாரியுங்கள். அவர் பாடித் திரிந்த கவிகளை உங்கள் வாயாலாவது பேரப்பிள்ளையின் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். மூன்றாம் நாளோடு குடும்பத்தின் துக்கம் முடியும், நான்காம் நாள் காலையில் கூட்டாளியின் வேலை தொடங்குகிறது.